பிடித்து வைத்த பேக்கேஜ்

– கதவை உதைக்காதேடா. உதைச்சா திறக்கிற கதவா அது?

– உதைக்கலக்கா. தட்டிப் பார்த்தேன்.

– காலாலயா?

– என்னமோ போ. ஏசி பார்க்க வந்தவனை இப்படி அடைச்சு வச்சிருக்கே. நான் மூடியைக் கழட்டி கெப்பாசிட்டரை வெளிய எடுக்கறதுக்குள்ள நீ அந்தக் கம்ப்யூட்டர்ல டகடகன்னு என்னமோ தட்டினே. புது கெப்பாசிட்டர் எடுக்கலாம்னு கதவுகிட்ட போறேன், கதவு அசையல.

– வெளியாள் சர்வர் ரூமுக்குள்ள வந்தா ஆபீஸ் ஆள் ஒருத்தர் கூடவே நிக்கணும். ரூல். சும்மா நிக்கிற நேரத்துல ஒரு வேலையை முடிப்போம்னு ஆரம்பிச்சேன்.

– வெளியாள். நல்லா இருக்கு. ரெண்டு வருஷம் பேசாம இருந்தா கூடப் பொறந்த தம்பியும் வெளியாள்தான்.

– நீ வருவேன்னு எனக்கெங்கே தெரியும்? எப்பவும் உன் ஆளைத்தானே அனுப்புவே.

– அவன் லீவு. மூணு நாள் சேர்ந்தாப்ல விடுமுறை வருது, அதுக்கு முந்தின நாள் எவன் வேலைக்கு வருவான்? என்னைத் தவிர. உன்னைத் தவிர. சரி, போன் பண்ணி யாரையாவது கூப்பிடு.

– போன் வாசல்ல பெட்டியில கிடக்கு. உன்னோடது மேல என்னோடது. உள்ள போன் கொண்டு வரக் கூடாது. அதுவும் ரூல்.

– இந்த ரூலெல்லாம் போட்டது யாரு?

– நான்தான்.

– அதானே பார்த்தேன்.

– உன் டூல்பாக்ஸ் எங்கே?

– அதுவும் வெளியதான். கையில இருக்கிறது ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டெஸ்டர். புது கெப்பாசிட்டர் டூல்பாக்ஸ்ல. அந்தப் பச்சைப் பொத்தான் எதுக்கு இருக்கு? அவசரத்துக்குன்னு எழுதியிருக்கே. பத்து தடவை அமுக்கிட்டேன்.

– அமுக்கினா அது இந்த மெஷினைக் கேட்கும், திறக்கட்டுமான்னு. மெஷின்தான் திறக்கணும். நேரா ஒயர் இழுங்கன்னு பில்டிங்காரங்களுக்கு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன்.

– அப்போ அது பொத்தான் இல்லக்கா. மனு.

– சிரிக்காதே. மெஷின்ல கதவைப் பார்த்துக்கிற புரோகிராம் இப்ப இல்ல.

– இல்லன்னா?

– இல்லன்னா இல்ல. பழசைக் கழட்டியாச்சு, புதுசு ஏற மாட்டேங்குது. நடுவுல நின்னுடுச்சு. ஏறிட்டா நீ அமுக்கினதைப் பார்த்துத் திறந்துடும். கதவுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலன்னா அது பூட்டின மாதிரியே இருக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க.

– ஒயரை வெட்டிடறேன். காந்தப் பூட்டுதானே? கரண்ட் போனா காந்தம் விட்டுடும். இது மாதிரி நாலு கம்பெனியில மாட்டிக் கொடுத்திருக்கேன்.

– கரண்ட் வர்றது வெளிப் பக்கத்து கூரைக்கு மேல. பேட்டரியோட. இந்தப் பக்கம் ஒரு முழம் ஒயர்கூடக் கிடையாது.

– பொறு, காதை வச்சுப் பார்க்கறேன்... ஆமா. உறுமுது. நல்லா இறுக்கிப் பிடிச்சிருக்கு. அக்கா, எனக்கு மூடின ரூம் ஆகாது. உனக்கே தெரியும்.

– தெரியும்டா.

– தொழில் கத்துக்கிட்ட காலத்துல ஐஸ் ரூம்ல நாப்பது நிமிஷம் மாட்டினவன் நான். அன்னைக்கிலேருந்து எந்தப் பூட்டு எங்கே விழுந்தாலும் தூக்கத்துலகூட எனக்குக் கேக்கும். வீட்ல பாத்ரூம் கதவைக்கூட தாழ்ப்பாள் போடறதில்ல. உன் தம்பிப் பொண்டாட்டி கத்துவா.

– சரி, கேளு. மூச்சை இழுத்து விடு. கதவுக்குக் கீழ இடுக்குல கொஞ்சம் காத்து வரும். அங்கே போய் உட்காரு. கதவுல சாஞ்சுக்கோ.

– உட்கார்ந்துட்டேன்.

– எப்படி இருக்கு?

– முதுகு ஜில்லுன்னு இருக்கு. மீதியெல்லாம் வேர்க்குது. ஏசியைப் பிரிச்சுப் போட்டுட்டேனேக்கா, இத்தனை மெஷினும் சூட்டைத் துப்புது. அந்தச் சின்ன டப்பாவுல முப்பத்தி மூணுன்னு காட்டுது, அது டிகிரியா?

– டிகிரிதான். நாப்பத்தஞ்சு வந்தா மெஷினெல்லாம் தானா அணைஞ்சுடும்.

– அணைஞ்சா?

– அணைஞ்சா கதவுகிட்டப் பேச ஆளே கிடையாது. செவ்வாய்க்கிழமை காலையில யாராவது ஆபீஸைத் திறக்கிற வரைக்கும் நீயும் நானும்தான்.

– அய்யோ. வாட்ச்மேன்?

– கீழ கேட்ல இருப்பார். நாலு மாடி ஏறி வர மாட்டார், அவருக்கு முட்டி வலி. நாம கிளம்பிட்டோம்னு நெனைச்சுக்குவார். மெயில் அனுப்பினாலும் லீவுல யாரு பார்ப்பா? மணி என்ன, பார்த்துச் சொல்லு, அந்தக் கடிகாரம் உன் பக்கம்தான் இருக்கு.

– பன்னண்டே முக்கால்.

– ரெண்டு மணிக்கு அந்த அம்மா கிளம்பிடும்.

– எந்த அம்மா?

– பகல்ல அப்பாவைப் பார்த்துக்கிற அம்மா. லீவுக்கு ஊருக்குப் போகுது. நான் வர லேட்டானா சாவியை சன்னல்ல வச்சிட்டுப் போயிடறேன்னு சொல்லியிருக்கு. அது போயிட்டா அப்பா தனியா. இருந்த இடத்துலேருந்து தண்ணி டம்ளரைக்கூட எட்டி எடுக்க முடியாதுடா அவரால. செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

– வேலையைப் பாருக்கா. எது ஏற மாட்டேங்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லிக்கிட்டே செய். வாய் மூடி நீ தட்டினா எனக்குப் பயம் ஜாஸ்தியாகுது.

– சரி, கேளு. நீ புது கம்ப்ரசர் மாட்டறே. அதுக்குப் புது சைஸ் பைப் வேணும். ஆனா ஏற்கனவே இருக்கிற பைப் வேற கடையில வாங்கினது, வேற மரை.

– உட்காராது.

– உட்காராது. பழைய பைப்பைக் கழட்டலாம்னா, அதை யாரோ "கை வைக்காதே"ன்னு நிறுத்திப் பிடிச்சு வச்சிருக்காங்க. அதான் இங்கே எழுதுது பாரு. உடைஞ்ச பேக்கேஜை, அதாவது புரோகிராம் பொட்டலத்தை, பிடிச்சு வச்சிருக்கே, என்னால சரி பண்ண முடியலேன்னு. கம்ப்ரசர் இடத்துல கதவு புரோகிராமை வச்சுக்கோ, பைப் இடத்துல அதுக்கு வேண்டிய லைப்ரரிங்கிற துணை ஃபைலை வச்சுக்கோ. அவ்வளவுதான்.

– வேற கடைன்னா?

– ஒவ்வொரு லினக்ஸ் மெஷினுக்கும் சாமான் வர்ற கிடங்கு ஒண்ணு உண்டு. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி சோதிச்சு அடுக்கியிருப்பாங்க. இங்கே எவனோ வெளிக் கிடங்கு ஒண்ணைச் சேர்த்து, அதுதான் முக்கியம், அதைத்தான் முதல்ல கேக்கணும்னு மெஷினுக்குச் சொல்லி வச்சிருக்கான். அப்புறம் இந்த லைப்ரரியை அசைக்கவே கூடாதுன்னு பூட்டும் போட்டிருக்கான்.

– எவன்?

– வேற யாரு, எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தானே, கொசுவலைன்னு கூப்பிடுவோமே, அவன்தான். அவன் வேலைதான். அவன் எதை உருப்படியா செஞ்சான்? ஒரு வேலையை முடிக்க நாலு குறுக்கு வழி. செஞ்சதை எங்கேயாவது எழுதி வைப்பானா? மாட்டான். அவன் போய் ஏழு வருஷமாச்சு, இன்னும் அவன் போட்ட முடிச்சை நான் அவிழ்த்துட்டிருக்கேன்.

– முப்பத்தி அஞ்சு.

– பார்த்துட்டேன். இரு, அந்தக் கிடங்கைச் சேர்த்த ஃபைலைத் திறக்கறேன். பேர் இருக்கும். மாட்டினான் பாரு. நாசமாப் போறவன், இவனால இன்னைக்கு...

– என்னக்கா?

– பொறு.

– என்ன ஆச்சு? திறந்துச்சா?

– கொசுவலை இல்லடா.

– பின்ன?

– நான்தான்.

– என்னது?

– என் பேர் இருக்கு. தேதி இருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி. ஒரு வரி எழுதியும் வச்சிருக்கேன். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கேன்.

– என்ன எழுதியிருக்கே?

– "தற்காலிகம். அப்பா வீட்டுக்கு வந்ததும் எடுத்துடணும்."

– அப்பா விழுந்தப்பவா?

– ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து செஞ்சது. அப்பா உள்ள படுத்திருக்கார். ஆபீஸ்லேருந்து போன் மேல போன், கதவெல்லாம் திறக்கல, ஆளுங்க வெளிய நிக்கிறாங்கன்னு. மடியில லேப்டாப். சரியான லைப்ரரி நம்ம கிடங்குல இன்னும் வரல. வெளிய ஒரு இடத்துல இருந்துச்சு. எடுத்துச் சொருகிட்டு, மறுபடி யாரும் மாத்திடக் கூடாதுன்னு பிடிச்சு வச்சேன். பத்து நிமிஷ வேலை. அப்புறம் மறந்தே போச்சு.

– அப்பா வீட்டுக்கு வந்தாரே.

– வந்தார். எப்படி வந்தார்? ஒரு கை, ஒரு கால் விழுந்து, பாதிப் பேச்சோட. வந்த அன்னைக்கி எனக்கு இந்த லைப்ரரியா ஞாபகம் வரும்?

– சரி சரி. திட்டினதெல்லாம் கொசுவலை கணக்குலேயே இருக்கட்டும். நான் யார்கிட்டயும் சொல்லல.

– வாயை மூடு.

– திறந்துச்சான்னு கேட்டேன்.

– இல்ல. இப்ப அந்த வெளிக் கிடங்கை எடுத்துட்டேன். பிடிச்சு வச்சதையும் விட்டுட்டேன். புதுசு எல்லாம் உள்ளேயே இருக்கு, ஏத்தறதுக்கு முன்னாடியே இறக்கி வச்சிருச்சு, அதனால நெட் செத்தாலும் பரவாயில்ல. முதல்ல ஒத்திகை பார்க்கறேன். செய்யாம, செஞ்சா என்ன ஆகும்னு மட்டும் சொல்லும்.

– என்ன சொல்லுது?

– பழைய லைப்ரரியைக் கழட்டினா கூடவே நாப்பத்தி மூணு சாமான் கழண்டு வரும்னு சொல்லுது. திரை, நெட்டு, லாகின் பண்ணி உள்ள நுழையற வாசல், எல்லாம் அதைப் பிடிச்சிட்டுத்தான் தொங்குது. கழட்டினதும் புதுசு சரியா உட்கார்ந்தா ஒவ்வொண்ணா மறுபடி ஏத்திடலாம். உட்காரலன்னா...

– உட்காரலன்னா செவ்வாய்க்கிழமை.

– ஆமா.

– ஏன்க்கா, ஒண்ணு கேக்கறேன். எனக்கு உன் தொழில் தெரியாது. ஆனா என் தொழில்ல, லீவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஓடிட்டிருக்கிற யூனிட்டைப் பிரிக்க மாட்டோம். கஸ்டமர் அழுதாலும் மாட்டோம். செவ்வாய்க்கிழமை வர்றேன்னு சொல்லிடுவோம். உங்க ஆளுங்க மட்டும் அப்படிச் செய்வாங்களா?

– செய்ய மாட்டாங்க.

– நீ எதுக்கு இன்னைக்குச் செஞ்சே?

– நேரம் கிடைச்சுது.

– உள்ள வரும்போது உன் மேஜையைப் பார்த்தேன். ஒரு பேனாகூட இல்ல. அந்தப் பாசிச் செடி இருக்குமே, கண்ணாடி பாட்டில்ல, அதுவும் இல்ல. துடைச்சு வச்சிருக்கே. வேலையை விடறியா?

– இன்னைக்குத்தான் கடைசி நாள். போறதுக்கு முன்னாடி மெஷினைச் சுத்தமா கொடுத்துட்டுப் போகணும்னு பார்த்தேன். கொசுவலை மாதிரி என்னையும் ஒருத்தி உட்கார்ந்து திட்டக் கூடாதில்ல.

– எங்கே போறே?

– வேற ஊர். பெரிய இடம். பதினஞ்சு பேர் எனக்குக் கீழ. மூணு தடவை கூப்பிட்டாங்க, ரெண்டு தடவை முடியாதுன்னேன். இந்தத் தடவை சரின்னு எழுதிட்டேன். அடுத்த திங்கள்கிழமை அங்கே இருக்கணும்.

– அப்பா?

– அதான் தெரியல.

– தெரியாமலா சரின்னு எழுதினே?

– தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதணும்னா நான் சாகிற வரைக்கும் எழுத முடியாதுடா! ஆறு வருஷம். ஒரு ராத்திரி வெளிய தங்கினது கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டா முகூர்த்தத்துக்குப் போயிட்டு சாப்பிடாம ஓடி வருவேன். எனக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. இந்த ரூம்ல இப்பதான் நீ மாட்டியிருக்கே. நான் எப்பவோ மாட்டினவ.

– கத்தாதேக்கா. காத்து கம்மியா இருக்கு.

– உனக்கு மெசேஜ் எழுதி வச்சிருக்கேன். நாலு நாளா எழுதி எழுதி அழிக்கறேன். போன்ல இருக்கு, பெட்டியில, உன் போனுக்கு மேல.

– நேர்ல சொல்ல என்ன?

– நேர்ல எங்கேடா கிடைச்சே நீ? அப்பா ரூமுக்கு ஏசி மாட்டணும்னு சொன்னேன். ஏசி வந்துச்சு, உன் ஆள் வந்தான், நீ வரல.

– வந்தேன்.

– பொய் சொல்லாதே. நான் வீட்லதான் இருந்தேன்.

– வெளி யூனிட்டை யாரு மாட்டினதுன்னு நெனைச்சே? நான்தான். ஏணி போட்டு பின்பக்கம். சன்னல் வழியா பார்த்துட்டு நின்னேன். அப்பா படுத்திருந்தார். ஒருக்களிச்சு, என் பக்கம். தூங்கிட்டிருந்தார். கால் மணி நேரம் நின்னேன். ஏணி ஆடுது, அப்பவும் நின்னேன்.

– தூங்கலடா.

– என்ன?

– அவர் தூங்கல. அன்னைக்கி சாயங்காலம் பூரா சொன்னார், பையன் சன்னல்ல நிக்கிறான், உள்ள கூப்பிடு, உள்ள கூப்பிடுன்னு. புத்தி தடுமாறுதுன்னு நெனைச்சேன். டாக்டர்கிட்டகூடச் சொன்னேன். மாத்திரை மாத்திக் கொடுத்தார்.

– உள்ள கூப்பிடுன்னாரா?

– அழறியா?

– வேர்வைக்கா. முப்பத்தி எட்டு ஆச்சு. ஒத்திகை பார்த்தது போதும், செஞ்சுடு.

– செய்யறேன். கடைசியா ஒண்ணு கேக்குது.

– என்னவாம்?

– நீ செய்யப் போறது ஆபத்தான வேலை, மெஷினுக்கு உயிர் மாதிரி இருக்கிறதைக் கழட்டறே. நிஜமாத்தான் சொல்றியான்னு கேக்குது. சும்மா ஒரு எழுத்தைத் தட்டினா ஒத்துக்காது. "ஆமாம், நான் சொல்றபடி செய்"னு முழு வரியையும் பிசகாம அடிக்கணும். அப்பதான் செய்யும்.

– பரவாயில்லையே. இந்த வரியை நீ வாழ்க்கையில யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?

– இல்ல.

– மெஷின்கிட்டயாவது சொல்லு.

– ஒரு எழுத்து பிசகினா மறுபடி கேக்கும்டா.

– நான் இங்கேதான் இருக்கேன். அடி.

– அடிச்சுட்டேன். கழட்டுது. ஒவ்வொண்ணா போகுது. பத்து. இருபது. நெட்டு போச்சு. வாசல் போச்சு... நாப்பத்தி மூணு. திரை மட்டும் கறுப்பா நிக்குது, எழுத்து இருக்கு. இப்ப புது லைப்ரரி. ஏறு. ஏறு தாயே. ஏறிடுச்சு! உட்கார்ந்துடுச்சுடா. இப்ப கதவு புரோகிராம். பிரிக்குது. பொருத்துது. ஆரம்பிக்குது...

– க்கும்! க்கும்! க்கும்!

– என்னடா இருமல்?

– தூசி. இடுக்குல வருது.

– இப்ப எதாவது சத்தம் கேட்டுச்சா உனக்கு?

– என்ன சத்தம்? ஃபேன் சத்தம்தான் காதை அடைக்குது.

– ம்.

– என்னக்கா, என்ன சொல்லுது?

– இன்னும் ஓடிட்டிருக்கு. கொஞ்ச நேரம் ஆகும் போல.

– ஆகட்டும்.

– மணி?

– ஒண்ணே கால் ஆகப் போகுது.

– இங்கேருந்து வீட்டுக்குப் பதினஞ்சு நிமிஷம். ஒண்ணே முக்காலுக்குக் கிளம்பினாக்கூடப் போதும். அதுவரைக்கும் நீ ஒண்ணு சொல்லு. ஆறு வருஷமா ஏன்டா வீட்டுக்குள்ள வரல? பிடிக்கல, நேரமில்ல, கடையை விட்டு வர முடியல, இதெல்லாம் வேணாம். கேட்டாச்சு.

– இப்ப எதுக்கு?

– வேற எங்கே போகப் போறே? கதவு பூட்டியிருக்கு.

– ... அது சரி. பூட்டித்தான் இருக்கு.

– சொல்லு.

– அப்பா விழுந்ததுக்கு முந்தின நாள் ராத்திரி நான் அவரோட சண்டை போட்டேன். என் புது ஏசி கடைக்குப் பேர் வைக்கிறதுக்கு. என் பேரை வைன்னார். அவர் பேரை வச்சா அவருக்கு அடங்கி நடக்கணும்னு நான் சொன்னேன். பெரிய பேச்சு பேசினேன்க்கா. உங்க பேரைச் சொன்னா ஒரு பயலும் கடன்கூடக் கொடுக்க மாட்டான்னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. தட்டை நகர்த்தி வச்சிட்டு எழுந்து போனார். காலையில விழுந்துட்டார். நான் கத்தாம இருந்திருந்தா அவர் இன்னைக்கி நடந்துட்டிருப்பார். எந்த மூஞ்சியை வச்சிட்டு உள்ள வரச் சொல்றே? அவருக்கு ஒரு வாய் ஊட்டினா, நம்ம பேச்சாலதானே இவர் சாய்ஞ்சார்னு தோணாதா எனக்கு?

– அட முட்டாளே.

– திட்டு. நல்லாத் திட்டு.

– அவர் பிரஷர் மாத்திரையை மூணு வாரமாப் போடல. தலை சுத்துதுன்னு யாருக்கும் சொல்லாம நிறுத்தியிருந்தார். தலகாணி உறையில அத்தனையும் இருந்துச்சு. இருபத்தி ஒண்ணு. நானே எண்ணினேன். எண்ணிக் கொடுத்ததும் டாக்டர் சொன்னார், இது எந்த நிமிஷமும் வந்திருக்கும், தூங்கும்போதுகூட வந்திருக்கும்னு.

– மாத்திரையா?

– மாத்திரை.

– எனக்கு ஏன் சொல்லல?

– நீ கேக்கவே இல்லையே! உனக்கென்ன தெரியும், நீ என்ன நெனைச்சிட்டிருக்கேன்னு எனக்கெப்படித் தெரியும்? பாரத்தை என் தலையில கட்டிட்டு நீ ஜாலியா சுத்தறேன்னு நெனைச்சேன். ரெண்டு வருஷம் முன்னாடி அதைத்தானே சொன்னேன், அதோட பேச்சு நின்னுச்சு.

– ஆறு வருஷம்க்கா. ஒவ்வொரு நாளும். கடை ஷட்டரைத் தூக்கும்போது அந்தப் பேரை நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

– என்ன பேர்தான் வச்சே? நான் உன் கடைக்கே வந்ததில்ல.

– அவர் பேர்தான்.

– அப்பா பேரா?

– இப்ப நீ அழறியா?

– வேர்வைடா.

– நாப்பத்தி ஒண்ணு காட்டுது.

– தெரியும்.

– மெஷின் என்ன சொல்லுது?

– ஓடிட்டிருக்குன்னு சொன்னேனே.

– நான் அவசரப்படுத்தல.

– கேளு. அப்பா உங்க வீட்டு மாடி ஏற முடியாது. அது எனக்குத் தெரியும். அதனால...

– கீழ, கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. கேஸ் சிலிண்டர் அடுக்கி வச்சிருக்கேன். அதைக் காலி பண்ணி எதிர் ஷெட்டுக்கு மாத்திடலாம். கிழக்குப் பக்கம் சன்னல், வெளிச்சம் வரும். பாத்ரூமுக்கு ஒரு படி இருக்கு, அதை இடிச்சு சரிவா போட்டுடறேன். தள்ளு வண்டி போகணுமில்ல. கட்டில் உயரம் எவ்வளவு வேணும் அவருக்கு?

– இதையெல்லாம் எப்ப யோசிச்சே?

– ஏணி மேல நின்னப்பவே.

– அடப் பாவி.

– யோசிச்சு என்ன? நீயும் கேக்கல. சாடையா சொல்லுவே, குத்திக் காட்டுவே, கேக்க மட்டும் மாட்டே. இப்பவாவது நேரா சொல்லேன்க்கா. மெஷின்கிட்ட சொன்னே இல்ல, அந்த மாதிரி.

– அப்பாவை உன்கூடக் கூட்டிட்டுப் போ.

– ம்.

– இன்னைக்கே. சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி, ராத்திரி ரெண்டு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், ரேடியோவை அணைச்சா கத்துவார். ஆமாம், நான் சொல்றபடி செய்.

– சரிக்கா.

– சரியா?

– சரி. உன் தம்பிப் பொண்டாட்டிகிட்ட நான் பேசிக்கறேன். அவ நாலு வருஷமா என்னைத் திட்டிட்டிருக்கா, கூட்டிட்டு வாங்கன்னு. அந்த ரூம்லயும் ஏசி மாட்டிடறேன், ரிமோட்டை மட்டும் அவர் கையில கொடுக்க மாட்டேன்.

– அவர் பதினாறுல வைப்பார்.

– அதான்.

– நாப்பத்தி மூணு ஆயிடுச்சு. இதுக்கு மேல விளையாடக் கூடாது, மெஷின் அணைஞ்சா மறுபடி பூட்டிக்கும். டேய், ஒண்ணு சொல்றேன், அடிக்க வராதே.

– சொல்லு.

– எதுவும் ஓடல. அந்தப் புரோகிராம் அப்பவே ஏறிடுச்சு. நீ இருமினே பாரு, அப்ப. சும்மா வெறும் கீயைத் தட்டிட்டிருந்தேன். மூடின ரூம் ஆகாதுன்னு தெரிஞ்சும் உன்னை உட்கார வச்சிட்டேன். கதவு திறந்து கால் மணி நேரம் ஆச்சுடா.

– தெரியும்க்கா. காந்தம் விட்டதும் கதவு உள்பக்கம் வந்துச்சு, நான்தான் முதுகைக் கொடுத்து மூடிப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்.